வயிற்றில் ஒரு வாய்

மதியச் சாப்பாட்டை நான் முடிக்கும் நேரம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததை எங்கள் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. நானும்தான். அம்மா தொழுதுவிட்டு வந்து ஊட்ட ஆரம்பித்தால், முன்பெல்லாம் சோறு ஆறுவதற்குள் தட்டு காலியாகிவிடும். பிறகு அது அஸர் பாங்கு சொல்லும்வரை, வெயில் சாயும்வரை இழுத்தது. நடுவில் அம்மா எழுந்துபோய்ச் சூடு பண்ணிக்கொண்டு வருவாள். நாலு வாய்க்குப் பிறகு தாடை வலிக்கும். கண்ணை மூடிக் கொஞ்சம் இருந்துவிட்டு மறுபடி மெல்லுவேன். உழைத்தவர்கள் சாப்பிட உட்கார்ந்து ஓய்வெடுப்பார்கள். நான் சாப்பிடுவதற்கு நடுவில் ஓய்வெடுத்தேன்.

என் பெயர் பௌசியா. வயது இருபத்தேழு. கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் அத்தா ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். போல்ட்டு, நட்டு, கையுறை, கம்பெனிக்காரர்கள் போடும் பாதுகாப்பு ஷூ. அண்ணன் சலீம் அவருடன் கடையில் இருக்கிறான். நான் வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன். என் கை எழுதாது. நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதும்.

எனக்கு இருப்பது தண்டுவடத் தசைச் சிதைவு. ஆஸ்பத்திரியில் எஸ்.எம்.ஏ. என்பார்கள். முதுகுத்தண்டுக்குள் இருக்கும் நரம்பு செல்கள்தான் தசைக்கு 'அசை' என்று சேதி அனுப்புகின்றன. பிறவியிலேயே ஒரு மரபணுக் குறையால் அந்த செல்கள் ஒவ்வொன்றாகப் போய்விடும். சேதி வராத தசை மெலியும். குழந்தையாக இருந்தபோது நான் உட்கார்ந்தேன். நிற்கவோ நடக்கவோ இல்லை. இப்போது இதற்கு மருந்து வந்திருக்கிறது. அதன் விலையைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

கை கால் போவது எல்லோருக்கும் கண்ணில் படும். மெல்லுவதும் விழுங்குவதும்கூடத் தசை செய்கிற வேலைதான் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. முதலில் கறியை விட்டேன். அப்புறம் சப்பாத்தி. அப்புறம் ஆப்பிள். வாய் முன்போல் அகலமாகத் திறக்கவில்லை. சின்ன ஸ்பூன் வாங்கினோம். தண்ணீர் குடித்தால் சில நாள் குரல் கரகரக்கும். ஒருநாள் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு என்னைத் தூக்கும்போது அம்மா சொன்னாள்: "இன்னாடி இது, தூக்கறதுக்கு இவ்ளோ லேசா கீற?" அவள் குரலில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. அவளுக்கு முதுகுவலி.

இந்த வருஷம் ரமலான் மாதத்தில் எனக்குச் சளி பிடித்தது. நோயாளிக்கு நோன்பு கடமையில்லை. வீடே பட்டினியாக இருக்கையில் எனக்கு மட்டும் அம்மா ஊட்டுவாள், சிறுவயதிலிருந்தே பழக்கம். சளி முற்றிய ஒருநாள் எதைக் கொடுத்தாலும் வாந்தி வந்தது. ஒரு சாயங்காலத்திலிருந்து மறுநாள் மதியம்வரை வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. எல்லோருக்கும் வருகிற வாந்தி, ஒருநாள் வயிறு காய்ந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தோம். மதியம் என் நெற்றி குளிர்ந்து வியர்த்தது. அம்மா கூப்பிடுவது கேட்டது. அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

சலீம் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பக்கத்து ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, சர்க்கரை மிகவும் இறங்கியிருக்கிறது என்று ட்ரிப் ஏற்றினார்கள். சாதாரண உடம்பு பட்டினி கிடந்தால் தசையைக் கரைத்துச் சர்க்கரை செய்துகொள்ளுமாம். கரைக்க என்னிடம் தசை இல்லை. அதனால் ஒருவேளைப் பட்டினியே எனக்கு ஆபத்து. இருபத்தேழு வருஷத்தில் இதை எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பக்கம் வெள்ளையாக இருந்தது. சென்னைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸில் அம்மா என் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். கவரைப்பேட்டை தாண்டியபோது சாலையோரப் பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு கேட்டது. ஆம்புலன்ஸ் ஊழியர் தன் தண்ணீர் பாட்டிலை அம்மாவிடம் நீட்டினார். அம்மா ஒரு மடக்கு குடித்துவிட்டு மூடியைத் திருகி மடியில் வைத்துக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் வரவில்லை. பயம் வரவேண்டிய இடத்தில் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. அந்தப் பஞ்சு ரொம்ப நாள் அங்கேயே இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் மூக்கையும் வாயையும் மூடி ஒரு மாஸ்க் போட்டார்கள். நான் மூச்சை இழுக்கும்போது அந்த மெஷின் காற்றை உள்ளே தள்ளிக் கொடுக்கும். மூக்கின் மேல் தோல் சிவந்து வலித்தது. ட்ரிப், ஆன்டிபயாடிக், சளியை உறிஞ்சும் குழாய். இரவுகளில் மானிட்டரின் சத்தத்தை எண்ணிக்கொண்டு கிடப்பேன். எண்ணிக்கை விட்டுப்போனால் மறுபடி ஒன்றிலிருந்து. சலீம் காலையில் சென்ட்ரலில் இறங்கி வருவான், சாயங்கால ரயிலில் கடைக்குத் திரும்புவான். அவன் வரும்போதெல்லாம் என் போர்வையின் மடிப்பை நீவிவிடுவான். வேறெதுவும் செய்யத் தெரியாது அவனுக்கு.

மூச்சு கொஞ்சம் தேறியதும், நான் எப்படி விழுங்குகிறேன் என்று பார்க்க அழைத்துப்போனார்கள். எக்ஸ்ரே மெஷின் முன்னால் உட்காரவைத்து, பேரியம் என்ற வெள்ளை மருந்து கலந்த தண்ணீரை ஸ்பூனில் கொடுத்தார்கள். பிறகு கூழ் பதத்தில். பிறகு களி பதத்தில். பேரியம் எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரியும். பக்கத்து டிவியில் என் கழுத்து எலும்புகள், என் தாடை, அதற்குள் ஒரு கறுப்புச் சொட்டு. நான் விழுங்கினேன். பாதி உணவுக்குழாய்க்குப் போனது. மிச்சம் தொண்டையில் குளம்போல் தேங்கி நின்று, அப்புறம் மெதுவாக மூச்சுக்குழாய்ப் பக்கம் வழிந்தது.

"இருமல் வரலியா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல டாக்டர்."

"அதுதான் பிரச்சினை. உள்ள போறது உங்களுக்கே தெரியல. இது இன்னிக்கு ஆரம்பிச்சதில்ல."

களி பதம் மட்டும் கொஞ்சம் ஒழுங்காக இறங்கியது. மறுபடி போட்டுக் காட்டினார்கள். வேறு யாருடைய தொண்டையையோ பார்ப்பதுபோல் பார்த்தேன். எத்தனை வருஷமாக அம்மா ஊட்டிய சோறும் பாலும் துளித்துளியாக என் நெஞ்சுக்குள் போயிருக்கும் என்று ஒரு கணக்கு மனதில் ஓடியது. அதுவும் பாதியில் நின்றுவிட்டது.

மறுநாள் வார்டுக்கு ஒரு டயட்டீஷியன் வந்தார். சுகன்யா என்று பெயர். எனக்கு என்னென்ன கொடுப்பீர்கள் என்று அம்மாவிடம் கேட்டார்.

"காத்தால கேவுரு கூழு. மத்தியானம் சோறு, மீனு. வாரத்துல ரெண்டு நாளு ஆட்டுக்கால் சூப்பு மேடம். சின்னப் புள்ளயிலேர்ந்து நிறுத்தினதே இல்ல. காலுக்குக் கால்தான் மருந்துன்னாங்க."

"சூப்பு ஒண்ணும் கெடுதல் இல்லம்மா. ஆனா அதுல தசை வளராது. தசை பட்டினியால மெலியல, நரம்புலேர்ந்து சேதி வராம மெலியுது. புரோட்டீன் பவுடரக் கொட்டினாலும் போனது திரும்பாது. இருக்கற தசை கரையாம பாத்துக்கறதுக்குத்தான் சாப்பாடு."

அம்மா தலையாட்டினாள். கையில் இருந்த டிபன் பாக்ஸ் மூடியை முந்தானையால் துடைத்தாள். துடைத்த மூடியையே மறுபடி துடைத்தாள்.

சுகன்யா மேடம் தொடர்ந்து சொன்னதை நான் இங்கே சொல்லிவைக்கிறேன், இன்னொரு வீட்டுக்கு உதவும். எங்களைப் போன்றவர்களுக்கு மற்றவர்களின் எடை அட்டவணை பொருந்தாது. தசை குறைவான உடம்பு, அட்டவணைப்படி சரியான எடையில் இருந்தால் உண்மையில் அதில் கொழுப்பு அதிகம் என்று அர்த்தம். அது மூச்சுக்குப் பாரம், தூக்குகிறவர்களுக்கும் பாரம். அதற்காக ரொம்ப இளைத்தாலும் சளியை எதிர்த்து நிற்கத் தெம்பிருக்காது. நடக்காத எலும்பு சீக்கிரம் உடையும். கால்சியமும் வைட்டமின் டி-யும் பார்த்துக்கொள்ள வேண்டும். குடல் மெதுவாக வேலை செய்யும். தண்ணீரும் நார்ச்சத்தும் குறைந்தால் மலச்சிக்கல், வயிறு உப்பினால் மூச்சு முட்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், வயிறு நீண்ட நேரம் காலியாக இருக்கக் கூடாது. காய்ச்சல், வாந்தி, ஆபரேஷன் என்றால் இன்னும் கவனம். இதெல்லாம் என் உடம்புக்கு அவர் சொன்னது. உங்கள் பிள்ளைக்கு எது சரி என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் கேளுங்கள்.

அன்று மாலை டாக்டர் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்று, அம்மாவிடமும் அத்தாவிடமும் பேசினார். வயிற்றில் சின்னத் துளை போட்டு நேராக இரைப்பைக்குள் ஒரு குழாய் வைக்கலாம். அதன் வழியாகச் சாப்பாடு கொடுக்கலாம்.

அத்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான் பேசினாள்.

"வாயி இருக்கும்போது வவுத்துல ஓட்டையா டாக்டர்? நான் இன்னும் கொழைய வெச்சு ஊட்றேன். மெதுவா ஊட்றேன். நாளு பூரா வேணாலும் ஊட்றேன். எனக்கு வேற இன்னா வேலை?"

"நீங்க ஊட்டினதுல தப்பே இல்லம்மா. இனிமே அது போதாது" என்றார் டாக்டர்.

அவர்கள் வெளியே போய்ப் பேசினார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. அதுவும் எனக்கு வலிக்கவில்லை. சுகன்யா மேடம்தான் திரும்பி வந்து, ஸ்டூலை இழுத்துப்போட்டு என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"நீ இன்னா நினைக்கிற பௌசியா?"

"ஒண்ணும் தோணல மேடம்."

"பரவால்ல. குழாய் வெச்சா வாயைத் தச்சிடப் போறதில்ல. ருசிக்குக் கொஞ்சம், கெட்டியான பதத்துல, தலையைக் குனிஞ்சு, யாராச்சும் பக்கத்துல இருக்கும்போது. அது போகப் போகப் பார்த்துச் சொல்றேன். வயித்த நிரப்பற வேலையை மட்டும் குழாய் பாத்துக்கும்."

அவர் எழுந்து போகும்போது, "போடச் சொல்லுங்க மேடம்" என்றேன். அதில் தைரியம் ஒன்றும் இல்லை. சாப்பிட்டுச் சாப்பிட்டுக் களைத்துப்போயிருந்தேன். யாராவது அந்த வேலையை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டால் போதும் என்றிருந்தது.

அம்மா அன்று எனக்குத் தலை வாரிவிட்டாள், சிக்கு எடுக்கும்போது வழக்கத்தைவிட மெதுவாக எடுத்தாள்.

குழாய் வைக்கும் நாளில் வாய் வழியாக ஒன்றும் கொடுக்கவில்லை. சர்க்கரை கலந்த ட்ரிப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆபரேஷன் தியேட்டருக்குப் பக்கத்து அறையில் என்னைப் படுக்கவைத்தார்கள். சாலை விபத்தில் அடிபட்டவர்களைக் கொண்டுவந்துவிட்டதால் எங்கள் முறை தள்ளிப்போனது. அம்மா விடியுமுன் சஹருக்குச் சாப்பிட்டது ரெண்டு இட்லியும் தண்ணீரும்தான். அவளும் அன்று நோன்பு.

மதியம் கடந்திருக்கும். என் புறங்கை வீங்கிக் குளிர்ந்திருந்தது. ஊசி நரம்பிலிருந்து நகர்ந்து, ட்ரிப் தோலுக்கடியில் போய்க்கொண்டிருந்தது. எனக்கு வலி தெரியவில்லை, தூக்கம் வந்தது. அம்மா என் நெற்றியைத் தொட்டாள். தொட்ட கையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் எழுந்த வேகத்தில் ஸ்டூல் கவிழ்ந்தது.

"சிஸ்டர்! சிஸ்டர், சீக்கிரம் வாங்க! எம் பொண்ணுக்கு அன்னிக்கு வந்த மாதிரியே வேர்க்குது. பட்டினியே கெடக்கக் கூடாதுன்னு சொல்லிகீறாங்க. ட்ரிப்பு உள்ள போவல பாருங்க, கையி வீங்கிகீது!"

வெளியே இருந்த யாரோ, "சத்தம் போடாதீங்கம்மா" என்றார்கள்.

"போடுவேன். எம் பொண்ணு பசி தாங்க மாட்டா. அவளால முடியாதுங்க!"

என் அம்மா வெளியாட்கள் முன்னால் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வறண்ட வாயிலிருந்து வந்ததால் அந்தக் குரல் உடைந்து உடைந்து வந்தது. சிஸ்டர் ஓடிவந்தார். விரலில் குத்திப் பார்த்தார், மறு கையில் நரம்பு தேடினார். என் நரம்புகள் சுலபத்தில் கிடைக்காது. மூன்றாவது குத்தில் கிடைத்தது. சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போகப் போக அறை மறுபடி அறையாகத் தெரிந்தது. "நல்லவேளை கூப்டீங்கம்மா" என்று சிஸ்டர் அம்மாவின் தோளைத் தொட்டார். அம்மா சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே போனதும் தொண்டையில் மருந்து அடித்தார்கள், மாஸ்க் வைத்தார்கள், விளக்கு வெள்ளையாக விரிந்தது. அவ்வளவுதான் தெரியும்.

கண் விழித்தபோது வயிற்றில் பாரமான ஒரு வலி. சலீம் நின்றுகொண்டிருந்தான். "அம்மா எங்க?" என்றேன். பொழுது சாய்ந்து நோன்பு திறக்கும் நேரம் வந்தும், ஆபரேஷன் முடிந்தது என்ற சேதி வரும்வரை அம்மா எதையும் தொடவில்லையாம். இப்போதுதான் வராந்தாவில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் சாப்பிடுகிறாளாம். "தண்ணியக் குடின்னு அத்தா கெஞ்சினாரு. கேக்கல" என்றான் சலீம். போர்வையை நீவினான்.

மறுநாள் குழாயில் முதலில் தண்ணீர், பிறகு பால் மாதிரி ஒரு திரவம். சிரிஞ்சை உயர்த்திப் பிடித்தால் அதுவே மெல்ல இறங்கும். வாயில் ஒன்றுமில்லை, வயிற்றில் ஒரு சூடு. பசி அடங்கியது. ஆனால் சாப்பிட்டதுபோல் இல்லை. அம்மா சிஸ்டரிடம் கற்றுக்கொண்டாள்: என்னைச் சாய்த்து உட்காரவைப்பது, ஊற்றும் முன்னும் பின்னும் ஆறவைத்த தண்ணீர் விடுவது, துளையைச் சுற்றித் துடைத்துக் காயவைப்பது. வேண்டாம் என்றவள் ஒரே நாளில் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். நாங்கள் ஊருக்குத் திரும்பியபோது நோன்புப் பெருநாள் கடந்திருந்தது. ஆஸ்பத்திரி பில்லுக்காகக் கடையின் பின்பக்கத்து இடத்தை அத்தா வாடகைக்கு விட்டிருந்தார். அதைப் பற்றி யாரும் என்னிடம் சொல்லவில்லை; ஷட்டர் நிறம் மாறியிருந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

வீட்டில் ஒன்று மாறியிருந்தது. என் கண்ணெதிரே யாரும் சாப்பிடவில்லை. அத்தா கடையிலேயே பார்சல் வாங்கிச் சாப்பிட்டார். சலீம் வெளியே சாப்பிட்டேன் என்றான். அம்மா அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு ரசமும் சோறும் சாப்பிட்டாள். மீன் வாங்குவதே இல்லை. வாசனை என்னை வருத்தும் என்று அவர்கள் நினைத்தார்கள். பழவேற்காட்டிலிருந்து மாமி போனில், "சாப்ட்டி..." என்று ஆரம்பித்து, "நல்லா தூங்குறியா?" என்று மாற்றினார். எல்லோரும் அந்த ஒரு கேள்வியை என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். நேரத்துக்கு என் வயிறு நிரம்பியது. காய்ச்சல் இல்லை. ட்யூஷனுக்குப் பிள்ளைகள் வந்தார்கள். பஞ்சு அப்படியே இருந்தது.

பக்கத்து வீட்டு லட்சுமி அக்கா தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனிக்குப் போகிறார். ஷிப்டு முடிந்து வந்த ஒருநாள், கம்பெனி கோட்டோடு எங்கள் ஜன்னலில் நின்று கேட்டார்:

"இன்னா பௌசி, சாப்ட்டியா?"

சிரிஞ்சைப் பிடித்திருந்த அம்மாவின் கை அசையாமல் நின்றது.

"இதோ, சாப்ட்னுதான் இருக்கேன்க்கா" என்றேன்.

"இன்னா இன்னிக்கு?"

"கேவுரு, பருப்பு, முட்டை, கேரட்டு. எல்லாம் அரைச்சு வடிகட்டினது."

"அப்போ நீ ராணிமா. எங்கூட்ல நேத்து வெச்ச சாம்பாருதான்." சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

நான் சிரித்தேன். சிரித்ததில் குழாய் குலுங்கியது. அம்மா என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நாளைக்கு மீனு வாங்கு. கதவைச் சாத்தாத. நான் தனியா உக்காந்து சாப்ட்டுனு இருக்கேன்மா."

மறுநாள் வெள்ளிக்கிழமை, அத்தா தொழுகை முடிந்து நேராக வீட்டுக்கு வந்தார். சலீமும் வந்தான். கூடத்தில் பாய் விரித்து, என் நாற்காலியைப் பக்கத்தில் தள்ளிவைத்தார்கள். சங்கரா மீன் குழம்பு. யாரும் யாரையும் பார்க்காமல் சோறு போட்டுக்கொண்டார்கள். முதலில் எனக்குக் குழாயில் ஊற்றி முடித்தாள் அம்மா. பிறகு, சுகன்யா மேடம் போனில் சொல்லியிருந்தபடி, களிபோல் கெட்டியாக வற்றவைத்த குழம்பை ஸ்பூன் நுனியில் தொட்டு, என் தலையைக் குனியவைத்து நாக்கில் வைத்தாள்.

புளி. மிளகாய். பூண்டு. கொஞ்சம் நேரம் வைத்திருந்து விழுங்கினேன். மூன்று பேரும் கையைத் தட்டில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உப்பு பத்தலம்மா" என்றேன்.

அத்தா ஒரு வாய் எடுத்துப் பார்த்தார். "ஆமா, பத்தல" என்றார். அம்மா எழுந்து உப்பு டப்பாவை எடுத்துவரப் போனாள்.